நீரைப் படித்தோம், கடலைப் படித்தோமா?

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எதனை எழுதுவது என்னும் எண்ணம் என்னைச் சில நாள் அலைத்தது. கல்லூரியின் தொன்மையையும், ஆசிரியப் பெருந்தகையோரின் மாண்பையும், விளையாட்டரங்கில் நாம் ஈட்டிய வெற்றிகளையும் எழுதுதற்கு என்னினும் வல்லார் பலர் உளர். யான் இக்கல்லூரியிலே கற்றது விஞ்ஞானம். இங்கிருந்து சென்று பிறருக்குக் கற்பித்ததும் விஞ்ஞானமே. ஆதலின், கற்பித்தலில் யான் செய்த குறையொன்றை, ஓய்வு பெற்று நரை மூடிய இந்நாளிலேனும் ஒளியாது கூறுதல், கல்லூரித் தாய்க்கு யான் செலுத்தக்கூடிய காணிக்கையாகும் என்று துணிந்தேன். அக்குறை நீரைப் பற்றியது. இன்னுந் தெளிவாகக் கூறின், கடலைப் பற்றியது.

ஆசிரியப் பணியில் யான் பெரும்பகுதியைக் கழித்தது கிழக்கிலங்கையிலே, கல்முனையைச் சார்ந்த கரையோரத்திலாகும். அக்கரையை அறியாத அன்பர்க்காகச் சில சொற்கள். வடக்கே பெரியநீலாவணை, மருதமுனை தொடங்கி, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனத் தெற்கே ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரையில், ஊர் முடிந்து ஊர் தொடங்குவது தெரியாவண்ணம் மக்கள் நெருங்கி வாழும் மணற்றிட்டு அது. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். கிழக்கே வங்கக் கடல். இரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய நிலத்திலே முஸ்லிம் மக்களும் இந்துக்களும் கிறித்தவருமாகத் தமிழ் பேசும் மக்கள் பன்னெடுங்காலமாக வாழ்கின்றனர். மருதமுனையின் தறியோசையும், விடியற்காலைப் பாங்கொலியும், கோயில் மணியும், அவற்றுக்கெல்லாம் அடியில் ஓயாது ஒலிக்கும் அலையோசையும் என் செவியில் இன்றும் உள்ளன.

யான் கற்பித்த பாடசாலை கடலினின்றும் நானூறு அடி தூரத்தே இருந்தது. காற்று எழும் நாட்களில் அலையின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தியே பாடஞ் சொல்ல வேண்டும். அவ்வகுப்பறையிலே ஆண்டுதோறும் ‘நீரின் இயல்புகள்’ என்னும் பாடத்தை நடத்தினேன். முகவையில் நீர் எடுத்தேன். வெப்பமானியை அதில் இட்டேன். நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி பெறும் என்றும், அதனாலேயே குளிர்நாட்டுக் குளங்களின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிர் பிழைக்கின்றன என்றும் சுவைபடக் கூறினேன். உறைந்த குளத்தைத் தம் வாழ்நாளிற் காணாத பிள்ளைகள் அதனை மனனஞ் செய்து எழுதிப் புள்ளிகளும் பெற்றனர். சாளரத்துக்கு அப்பால் கிடந்த கடல்நீர் அந்த விதிக்கு அமைவதில்லை என்பதை யான் சொல்லவில்லை. ஒரு கிலோகிராமில் ஏறக்குறைய 35 கிராம் உப்பைக் கொண்ட அந்நீர், குளிரக் குளிர அடர்த்தி மிகுந்துகொண்டே சென்று, சுழிக்குக் கீழே ஏறக்குறைய 1.9 பாகையில் உறைவது. ஆகவேதான் தென்துருவப் பக்கத்திலே குளிர்ந்த நீர் ஆழத்தில் இறங்கி, வங்கக் கடலின் அடித்தளம் வரையில் ஊர்ந்து வந்து சேர்கின்றது. வெயிலிற் கொதிக்கும் கல்முனைக் கடலுக்குக் கீழே, 2,000 மீற்றருக்கு அப்பால், 4 பாகையினும் குறைந்த குளிர் என்றும் நிலவுகின்றது. இச்செய்தி என் பிள்ளைகளுக்கு எத்துணை வியப்பை அளித்திருக்கும்! நூலில் இல்லை; ஆதலால் என் வாயிலும் இல்லை.

இவ்வாறு கழிந்த ஆண்டுகளுக்கு முடிவாக வந்தது 2004ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26ஆம் நாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாளுங்கூட. காலை ஏழு மணியளவில் சுமாத்திராத் தீவின் வடமேற்குக் கடலடியிலே பெரும் புவிநடுக்கம் உண்டாயிற்று. அதன் பருமன் 9.1. இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் இறந்தோர் தொகை 30,000க்கும் மேலாகும். மாவட்டங்களுள் மிகுதியான உயிரைப் பறிகொடுத்தது அம்பாறையே. அங்கு மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கடலோர வீதிகளைப் பறிகொடுத்து நின்றன. அந்நாட்களைப் பற்றி எழுத என் எழுதுகோலுக்கு வலிமை இல்லை.

சில வாரங்களின் பின் ஒரு மாலைப்பொழுதில், கரைவலைத் தொழிலும் தோணித் தொழிலும் செய்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவரை யாவரும் காக்கா என்றே அழைப்பர். யானும் அவ்வாறே அழைப்பேன். அவருடைய மகள் என் வகுப்பிலே முன்வாங்கில் இருந்தவள். நீரின் இயல்புகள் ஐந்து தருக என்ற வினாவுக்கு ஒரு பிழையுமின்றி விடையெழுதியவள். அவள் இப்போது இல்லை. காக்கா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “சேர், அண்டைக்கு நான் ஆழக்கடல்லதான் நிண்ட. ஒரு அலையையும் நான் காணல்ல. தோணி ஆடவுமில்ல. திரும்பி வந்து பார்த்தா ஊரே இல்ல. கடலுக்குள்ள நிண்டவனை விட்டுப்போட்டு, கரையில இருந்த பிள்ளையை ஏன் கொண்டுபோன? நீங்க படிப்பிக்கிறதில இதுக்கு மறுமொழி இருக்கா?” என்று கேட்டார்.

அன்பர்களே, அவ்வினாவுக்கு விடை விஞ்ஞானத்தில் உண்டு. மிக எளிய விடை. யான் அதனைப் பல்கலைக்கழகத்திலே படித்து, பரீட்சையில் எழுதி, பின் மறந்திருந்தேன். அன்று அவர் முன்னே வாயடைத்து நின்றேன். அவ்விடையை இங்கே எழுதுகின்றேன்.

காற்றினால் எழும் அலை கடலின் மேற்பரப்பை மட்டுமே கலக்குவது. கடலடி நிலம் எழுந்து தாழ்வதனால் உண்டாகும் அலையோ, அடி முதல் முடி வரையில் நீர் முழுவதையும் அசைப்பது. அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அத்தகைய அலையின் வேகம் நீரின் ஆழத்தையே பொறுத்தது. புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தாற் பெருக்கி வர்க்கமூலங் காணின் வேகம் கிடைக்கும். ஆழம் 4,000 மீற்றர் ஆயின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர். ஆகாய விமானத்தின் வேகத்தை ஒட்டியது. ஆழம் 10 மீற்றராகக் குறைந்த கரையோரத்திலே அது மணிக்கு 36 கிலோமீற்றராகச் சுருங்கும். முன்னே செல்லும் நீர் தளர, பின்னே வரும் நீர் விரைந்து வந்து நெருக்க, தாழ்ந்து நீண்டு கிடந்த அலை குறுகி உயர்கின்றது. அன்றைய அலையை நடுக்கடலின் மேலாகச் சென்ற ஜேசன் 1 என்னும் செய்மதி தற்செயலாக அளந்தது. அதன் உயரம் 60 சென்ரிமீற்றர் அளவே. இரண்டு அடி உயரம், அதுவும் பல நிமிடங்களிற் சிறிது சிறிதாக எழுந்து தாழும் உயரம், ஆழத்தில் நின்ற தோணிக்காரருக்கு எங்ஙனந் தெரியும்? காக்கா கண்டது உண்மை. ஆழமே அவரைக் காத்தது. ஆழமின்மையே அவர் மகளைக் கொன்றது.

இவ்விடை அவருடைய துயரை ஆற்றாது என்பதை அறிவேன். ஆனால், அது அவருக்கும் அவர் மகளுக்கும் முன்னரே தெரிந்திருக்குமாயின்? இவ்வெண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வெறுங் கற்பனை அன்று இது. புவிநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையிலே சிமலூ என்னும் தீவு உள்ளது. 1907ஆம் ஆண்டிலே அத்தீவைக் கடல் ஒருமுறை விழுங்கிற்று. அன்று பிழைத்தோர் அதனை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, நிலம் நடுங்கிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடுக என்று தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இல் ஏறக்குறைய 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் மாத்திரமே. தாய்லாந்தின் புக்கெற் தீவிலே, பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரு வாரங்களுக்கு முன் பூமிசாத்திர வகுப்பிற் படித்த பாடத்தை நினைவுகூர்ந்து, கடல் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டதும் பெற்றோரை எச்சரிக்க, அக்கரையில் நின்ற நூறு பேரளவில் உயிர் தப்பினர். ஓரிடத்திற் பாட்டியின் கதை. ஓரிடத்தில் ஆசிரியரின் பாடம். நம் கரையிலே இரண்டும் இருக்கவில்லை. கடல்கோள் என்னும் சொல்லைத் தமிழர் ஈராயிரம் ஆண்டாக வழங்கி வருகின்றனர். புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகின்றது. சொல் நம்மிடம் இருந்தது. சொல்லின் பொருளை அறியும் பாடம் இருக்கவில்லை.

நிற்க. அரைகுறை அறிவும் ஆபத்தே என்பதை ஈண்டு அழுத்திக் கூற விரும்புகின்றேன். ‘கடல் முதலிற் பின்வாங்கும், அதன் பின்னரே அலை வரும்’ என்பது இன்று கரையோரச் சிறுவரும் ஒப்புவிக்கும் வாய்பாடாகிவிட்டது. அது தாய்லாந்துக்குப் பொருந்தும்; நமக்கு எப்போதும் பொருந்தாது. அன்று கடலடி நிலம் பிளவின் மேற்குப் பக்கத்தில் உயர்ந்தது. கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. ஆதலின் கிழக்கு நோக்கிச் சென்ற அலைக்குப் பள்ளம் முன்னாகவும், மேற்கே நம்மை நோக்கி வந்த அலைக்கு மேடு முன்னாகவும் அமைந்தன. நம் கரையில் முதலில் நீர் பொங்கிற்று, பின்னர் வடிந்தது, அதன் பின்னரே கொடிய பேரலை வந்தது. முதல் அலை வடிந்ததைக் கண்டு, தப்பினோம் என்று பொருள் தேடவும் மீன் பொறுக்கவும் மீண்டு சென்றவர் பலர். கடலலை ஒன்றன்று, தொடர். அது பல மணி நேரம் நீளும். பின்வாங்கல் முன்னும் வரலாம், இடையிலும் வரலாம். இம்மூன்று வாக்கியங்களை ஒரு கரும்பலகையில் எழுத எத்தனை நிமிடம் வேண்டும்?

பூரணை நாளாகையாற் கடல் பெருகிற்று என்று கூறுவாரையும் கேட்டிருக்கின்றேன். பூரணையிலும் அமாவாசையிலும் ஞாயிறும் திங்களும் ஒரு நேரில் நின்று ஈர்ப்பதனால் வற்றுப்பெருக்கு மிகுதல் உண்மையே. எனினும், இலங்கைக் கரைகளில் அதன் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத்தானும் எட்டுவதில்லை. திங்களின் மேற் பழி போடுவோர், நிலத்தின் நடுக்கத்துக்கு அஞ்ச மாட்டார். பூரணை அல்லாத நாளிற் கவலையின்றி இருப்பர். பிழையான காரணம் பிழையான காவலையே தரும்.

இதற்கு நேர்மாறான பாடத்தை 2012ஆம் ஆண்டு சித்திரை 11ஆம் நாள் நமக்குத் தந்தது. அன்றும் சுமாத்திராக் கடலில் 8.6 பருமனுள்ள நடுக்கம். எச்சரிக்கை விடுக்கப்பட்டது, இலங்கைக் கரையோர மக்கள் ஓடினர். பேரலை வரவில்லை. ‘இவர்கள் வீணே வெருட்டுகின்றார்கள்’ என்று சிலர் சலித்துக்கொண்டனர். உண்மை யாதெனின், அன்று கடலடிப் பாறை பக்கவாட்டில் வழுக்கியதேயன்றி, மேலெழுந்து நீரை உயர்த்தவில்லை. தட்டிலுள்ள நீரைத் தட்டோடு மெல்ல நகர்த்துவதற்கும், தட்டின் அடியைத் தட்டி எழுப்புவதற்கும் உள்ள வேறுபாடே அது. இவ்வேறுபாட்டை அறிந்தவன் எச்சரிக்கையை இகழான்; நடுக்கம் எத்தகையது என்பது உடனே தெளியாதாகையால், ஒவ்வொரு முறையும் ஓடுதலே அறிவுடைமை என்பான். அறியாதவன் இரண்டாம் முறை எழுந்திரான். இன்று இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை அமைப்பு உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இலங்கையில் உண்டு. அவை நன்றே. ஆயினும் சங்கு ஊதுதல் கருவியின் வேலை. சங்கை நம்புதல் கல்வியின் வேலை.

இனி, பேரழிவு நாளை விடுத்து, அன்றாட வாழ்வுக்கு வருவோம். கல்முனைக் கரையின் கிணறு ஒவ்வொன்றும் ஒரு பௌதிகப் பாடம். மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேலே மிதக்கின்றது. நன்னீரின் அடர்த்தி 1 எனின் கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. இச்சிறு வேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் நிற்கும். மகிழ்ச்சிக்குரிய கணக்கு. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போடுக: நீரிறைக்கும் இயந்திரத்தால் நன்னீர் மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் தாழ்த்தினால், நாளடைவில் அடியிலிருந்து உவர் 4 மீற்றர் மேலெழும். கடல்கோளின் பின் கிணறுகளெல்லாம் உவர்ப்பாயின. நல்லெண்ணம் படைத்தோர் இயந்திரங்களைக் கொணர்ந்து அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தனர். இறைக்க இறைக்க உவர் குறைந்தபாடில்லை. பல கிணறுகளில் அது கீழிருந்து மேலே இழுக்கப்பட்டது. இறுதியில் அவற்றை இனிமையாக்கியது மாரி மழையே. அடர்த்தி என்னும் பாடத்தைப் படித்த ஊர், அன்று சிறிது பொறுத்திருக்கும்.

காற்றையும் எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கலோரி வேண்டும். உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்திலொரு பங்கே போதும். எனவே பகலில் மணல் விரைந்து காய, கடற்காற்று உள்ளே வீசுகின்றது. இரவில் மணல் விரைந்து குளிர, கரைக்காற்று வெளியே செல்கின்றது. விடியுமுன் தோணியைக் கடலுக்கு அனுப்புவது அந்தக் கரைக்காற்றே. ஆடி மாதத்தில் நம் உடலை வாட்டும் கச்சான் எங்ஙனம் பிறக்கின்றது? தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைநாட்டில் ஏறி மழையாகும்போது, ஒவ்வொரு கிராம் நீராவியும் ஏறக்குறைய 580 கலோரி மறைவெப்பத்தைக் காற்றுக்கே கொடுத்துவிடுகின்றது. ஈரத்தை இழந்து வெப்பத்தைப் பெற்ற அக்காற்று கிழக்கே இறங்கும்போது இன்னுஞ் சூடேறி அனலாகின்றது. நுவரெலியாவில் மழை; கல்முனையில் வெக்கை; இரண்டுக்கும் வித்து நீரின் ஒரே இயல்பு. 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆம் நாள் இரவு மட்டக்களப்புப் பகுதியைச் சிதைத்த சூறாவளியை இயக்கியதும் வெதுவெதுப்பான கடல் காற்றுக்கு ஈந்த அந்த மறைவெப்பமே. வாடை எப்போது பெயரும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பனவற்றை எம் கடற்றொழிலாளர் நன்கறிவர். அரபு மாலுமிகள் பருவத்தைக் குறித்து வழங்கிய ‘மௌசிம்’ என்ற சொல்லிலிருந்தே ஐரோப்பியர் பருவக்காற்றுக்குப் பெயரிட்டனர். கடலறிவு நமக்குப் புதிதன்று. அனுபவத்தால் அறிந்ததற்குக் காரணம் காட்டி, அனுபவம் எட்டாத இடத்துக்கும் அதனை நீட்டுவதே விஞ்ஞானத்தின் தொழில். எந்தத் தோணிக்காரரின் பாட்டனாரும் 2004ஐப் போன்ற அலையைக் கண்டதில்லை; அவ்விடத்தில் அனுபவம் கைவிட்டது.

அறியாமையின் விலையை அரசாங்கங்களும் கொடுக்கின்றன என்பதற்கு ஒலுவில் சான்று. அங்கு 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. நம் கிழக்குக் கரையிலே கடலோர மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. கரைக்குச் சாய்ந்து வரும் அலை அதனைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றது. இது கல்லாலான ஆறு போன்று ஓடும் மணலாறு. அவ்வாற்றுக்குக் குறுக்கே சுவர் எழுப்பின், ஒருபுறம் மணல் குவியும். மறுபுறம் கரை பட்டினி கிடந்து கரையும். தெற்கே மணல் சேர்ந்து துறைமுக வாயிலையே அடைத்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்தில் தென்னைகளும் நிலமும் கடலுட் சரிந்தன. தோணிகள் உள்ளே நுழைய வழியின்றி நின்றதையும், கரையை இழந்தோர் கல் அணை கேட்டு நின்றதையும் நாம் கண்டோம். துறைமுகம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. கரையோரத்தில் எது கட்டினும், முதலில் மணலின் வழியைக் கேட்க வேண்டும் என்பதே. அவ்வாறு கேட்கும் குடிமக்கள் ஊரில் இருந்தாலன்றோ, பொறியியலாளரும் அதற்கு விடை சொல்வர்?

இவ்விடத்திற் சிலர் மறுப்புக் கூறலாம். ‘பாடத்திட்டம் ஏற்கெனவே சுமை மிக்கது, பரீட்சையில் வராத கடலை எங்கே நுழைப்பது?’ என்பர். யான் புதிய பாடம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லவில்லை. அடர்த்தி, தன்வெப்பம், மறைவெப்பம், அலை ஆகிய யாவும் பாடத்திட்டத்தில் உள்ளனவே. உதாரணத்தை மாற்றுக என்றே கூறுகின்றேன். உறைகுளத்துக்குப் பதிலாகக் கிணறு. நீர்த்தொட்டிக்குப் பதிலாகக் கடல். மாணவனை நானூறு அடி நடத்திச் செல்வதற்குச் சுற்றுநிருபம் வேண்டியதில்லை. யான் அதனைச் செய்யாததற்கு எந்த அதிகாரியும் காரணர் அல்லர். என் சோம்பலும், நூலில் உள்ளதே கல்வி என்ற என் மயக்கமுமே காரணம்.

‘கடலறிவு கடலுக்குச் செல்வோர்க்கே உரியது, நம் பிள்ளைகள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வருவோர்’ என்பாரும் உளர். அவர்க்கு யான் கூறுவது: கரையில் உறங்குவோனையே கடல் கொன்றது. அவன் வைத்தியனா, நெசவாளியா, வணிகனா என்று அது கேட்கவில்லை. முஸ்லிமா, இந்துவா என்றும் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் கடிதத்துக்கு அஞ்சுவது போன்று, கடலைப் படிக்கத் தெரியாதவன் கரையில் வாழ்கின்றான். கரையோரத்தானுக்குக் கடலறிவு தொழிற்கல்வி அன்று, எழுத்தறிவு.

மற்றொரு மறுப்பு, இவற்றைத் தமிழிற் சொல்ல முடியுமா என்பது. இதற்கு விடை அக்கரையிலேயே உள்ளது. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையேயுள்ள காரைதீவிலே 1892இல் தோன்றியவர் விபுலாநந்த அடிகள். யாழ்நூல் தந்த முத்தமிழ்ப் புலவராக அவரைப் போற்றுகின்றோம். அவர் விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்றவர்; துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராயும், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராயும் விளங்கியவர்; 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மகாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை மறந்துவிடுகின்றோம். பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழிற் கற்பிக்க வேண்டிய சொற்களை அவர் போன்றோர் ஆக்கித் தந்துவிட்டனர். அடிகளார் பிறந்த ஊரின் வாயிலில் நிற்கும் கடலைத் தமிழிற் கற்பிக்க இயலாது என்று நாம் சொல்வது, சொல் இல்லாமையால் அன்று, முயற்சி இல்லாமையால்.

ஆயின் செய்யத்தக்கது யாது? பழைய மாணவராகிய நம் முன் சிறு திட்டம் ஒன்றை வைக்கின்றேன். விழாவுக்காக வளைவும் மண்டபமும் எழுப்புதல் நன்றே. அவற்றோடு, நம்முடைய கல்லூரிக்கும், கிழக்குக் கரையில் நமக்கு நட்பான பாடசாலைகள் சிலவற்றுக்கும், நான்கு பொருள்களை நாம் வழங்கலாம். முதலாவது, நீர்மட்டத்தை அளக்கும் அடையாளமிட்ட கோல் ஒன்று. களப்பு வாயிலிலோ தோணித்துறையிலோ நாட்டி, மாணவர் நாடோறும் வற்றுப்பெருக்கைப் பதிவதற்கு. இரண்டாவது, நீரமானியும் வெப்பமானியும். மாதம் ஒருமுறை ஊர்க்கிணறுகளின் உவரை அளப்பதற்கு. மூன்றாவது, கரையிலிருந்து உள்நோக்கிச் சில மரக்கம்பங்கள். கடல் ஆண்டுதோறும் எவ்வளவு நிலத்தை எடுக்கின்றது, கொடுக்கின்றது என்பதை அறிவதற்கு. நான்காவது, இவற்றையெல்லாம் எழுதிவைக்கத் தடித்த பதிவேடு ஒன்று. இந்நான்கின் விலை ஒரு வளைவின் சுண்ணாம்புச் செலவை எட்டாது. பத்தாண்டு நிரம்பிய அப்பதிவேடோ, ஒலுவிற் கரையை அண்டி நிற்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தாருக்கும், துறைமுகம் கட்டுவோருக்கும் பொன்னினும் அரியதாகும்.

அதனினும் மேலாக, ஆண்டுதோறும் மார்கழி 26ஆம் நாளை அண்டி, ஒரு பாடத்தைக் கடற்கரையில் நடத்துவோமாக. பள்ளிவாசலில் துஆ கேட்போரும் கோயிலிற் பிரார்த்திப்போரும் தத்தம் முறையில் இறந்தோரை நினைவுகூர்க. ஆசிரியர்க்குரிய வழிபாடு பாடமே. அன்று தோணிக்காரரையும் அழைத்து மாணவர் முன்னே பேசச் செய்தல் வேண்டும். நீரோட்டத்தை அவர் கூறுக. காரணத்தை ஆசிரியர் கூறுக. எந்த வீதியால் எந்த உயர்ந்த இடத்துக்கு ஓடுவது என்பதைப் பிள்ளைகள் நடந்தே பழகுக. மாணவன் வீட்டுக்குச் சென்று உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதனைச் சொல்லுவான். சிமலூவின் பாட்டிகள் செய்ததை நம் பிள்ளைகள் செய்வர்.

காக்காவை யான் இறுதியாகக் கண்டது ஓய்வு பெற்று ஊர் திரும்பும் நாளில். ஆழத்துக்கும் அலைக்கும் உள்ள தொடர்பை மணலிற் கோடு கிழித்து அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டிருந்துவிட்டு, “இதை முந்தியே சொல்லியிருக்கலாமே, சேர்” என்றார். சினமின்றிச் சொன்னார். அச்சொல்லுக்கு மறுமொழியாகவே இம்மலரில் இதனை எழுதினேன். என்னிடம் படித்த பிள்ளைகளுட் பலர் இன்று ஆசிரியராய் இருக்கின்றனர். இம்மலரை வாசிக்கும் அன்பர்களுள்ளும் ஆசிரியர் பலர் உளர். யான் நடக்காத அந்த நானூறு அடியை அவர்கள் நடப்பாராக.